ஆடாத எண்

சந்திரமோகனுக்கு எண் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அவருடைய எஞ்சினியரிங். எடைப் பெட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கைபேசியில் ஸ்டாப் வாட்ச்சை ஓடவிட்டு, திரையில் தெரியும் எண்ணின் கடைசி இலக்கத்தையே முறைத்துக்கொண்டிருப்பார். ஒரு நிமிடத்துக்குள் அது ஒரு தடவை மாறினால் உதட்டைப் பிதுக்குவார். இரண்டு தடவை மாறினால் பேனாவை மூடிவிடுவார். பெட்டி எடையைச் சரியாகச் சொல்கிறதா, ஆபத்து வந்தால் கத்துகிறதா என்பதெல்லாம் அவருக்குப் பிற்பாடு. எண் அசையாமல் நின்றால் நல்ல பெட்டி, அசைந்தால் கெட்ட பெட்டி. இந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அவர் இருபது வருடமாகத் தர ஆய்வாளர் உத்தியோகம் பார்க்கிறார்.

அவரை இப்படி நக்கலடிக்க எனக்கு அருகதை இல்லை. அவர் செய்தது அவருக்குத் தெரிந்த வேலை. நான் செய்ததுதான் தெரிந்தே செய்தது.

என் பெயர் நீலா. சொந்த ஊர் கோயம்புத்தூர். ஹைதராபாத்தில் குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் வீடு, பாலாநகரில் வேலை. பன்னிரண்டு பேர் மட்டுமே உள்ள சின்னக் கம்பெனி அது. தொழிற்சாலைகளில் தலைக்கு மேலே ஓடும் கிரேன்களுக்கு எடைப் பெட்டி செய்கிறோம். கிரேன் கொக்கியில் மாட்டிய லோட் செல், தொங்கும் பாரத்துக்கு ஏற்ப ஒரு சின்ன மின்னழுத்தத்தை அனுப்பும். பெட்டி அதை எண்ணாக மாற்றித் திரையில் காட்டும். பாரம் ஐந்து டன்னைத் தாண்டினால் ஹூட்டர் கத்தி, கிரேனும் மேலே இழுப்பதை நிறுத்திவிடும். பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் முழுக்க என் வடிவமைப்பு.

அதில் நான் அதிகம் யோசித்துச் செய்தது ஒரு வடிகட்டி. லோட் செல்லிலிருந்து வரும் சிக்னல் சுத்தமாக வராது. பக்கத்து வெல்டிங் மெஷினின் இரைச்சல், மோட்டாரின் இரைச்சல், டியூப்லைட்டின் இரைச்சல் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். எண்ணாக மாற்றும் சில்லுக்குள் போவதற்கு முன்னாலேயே அதை வடிகட்ட வேண்டும். ஆனால் எவ்வளவு வடிகட்டுவது என்பதில்தான் விஷயம். கிரேனில் பாரம் எப்போதும் நிதானமாக ஏறுவதில்லை. வெட்டென்று இழுத்தால் கண் சிமிட்டும் நேரத்துக்கு மூன்று டன் எட்டு டன்னாகும், உடனே அடங்கிவிடும். கயிற்றை அறுப்பது அந்தச் சிமிட்டல்தான். இரைச்சலோடு சேர்த்து அதையும் வடிகட்டிவிட்டால், அதற்கப்புறம் எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வைத்துத் தேடினாலும் கிடைக்காது. எண்ணாக மாறுவதற்கு முன்னால் போனது போனதுதான். டீத்தூளைப் பிடிக்க வேண்டிய சல்லடையில் டீயும் இறங்காமல் நின்றுவிட்டால் அது சல்லடையே இல்லை. என் வடிகட்டி தூளைப் பிடிக்கும், டீயை விடும். அந்த அளவைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

போன மார்ச் மாதம் ராமச்சந்திராபுரத்தைத் தாண்டி இருக்கும் ஒரு தனியார் கம்பெனிக்குப் பதினான்கு பெட்டிகள் தர வேண்டியிருந்தது. ராட்சத இரும்புத் தொட்டிகள் செய்யும் இடம். பெயர் வேண்டாம். அவர்களுடைய ஆய்வாளர்தான் சந்திரமோகன். பதினொரு மணிக்கு எங்கள் இடத்துக்கு வருவதாக இருந்தார். பத்து மணிக்கு நான் பெட்டியை ஓடவிட்டுப் பார்த்தபோது கடைசி இலக்கம் குதித்துக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கேட் செய்யும் பட்டறை. அன்றைக்கென்று பார்த்து இரண்டு வெல்டிங் மெஷின் ஓடியது.

எங்கள் முதலாளி சாரங்கபாணி வந்து எட்டிப் பார்த்தார். வெள்ளைக்காரன் காலத்தில் செகந்திராபாத்துக்கு வந்து சேர்ந்த குடும்பம். ஹப்சிகுடாவில் வீடு. தமிழும் தக்கணி உருதும் அவர் வாயில் ஒரே மொழி.

"ஆடறதே மா. அந்த மனுஷன் பார்த்தா கையெழுத்துப் போட மாட்டான்."

"ஆடினா என்னங்க சார். பத்துக் கிலோதான் வித்தியாசம். அஞ்சு டன்ல பத்துக் கிலோ ஒரு விஷயமா? திரையில காட்டற நம்பரை மட்டும் ப்ரோக்ராம்ல சராசரி எடுத்துக் காட்டிக்கலாம். ஹூட்டர் அது பாட்டுக்கு ஆடற நம்பரையே பார்த்துட்டு இருக்கும்."

"ப்ரோக்ராம் எழுதினவன் கச்சிபௌலி ஐ.டி. கம்பெனிக்கு ஓடிட்டான். ப்ரோக்ராமைத் தொட்டா மறுபடி மொதல்லேர்ந்து டெஸ்ட். நக்கோ மா, வேண்டாம். ஒரு பெரிய கெப்பாசிட்டரைப் போட்டு அமுக்கு. அவன் போனதும் எடுத்துடலாம்."

எங்கள் பட்டறையில் இதற்குப் பெயரே உண்டு, இன்ஸ்பெக்ஷன் கெப்பாசிட்டர். ஆய்வாளர் வரும் காலையில் வடிகட்டியோடு சேர்த்து அதைப் பற்ற வைப்போம். எண் அமைதியாகிவிடும். அவர் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போன சாயங்காலம் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவோம், அடுத்த ஆய்வுக்கு ஆகும் என்று. பெண் பார்க்க வரும்போது பக்கத்து வீட்டு நகையைப் போட்டு உட்கார வைப்பது மாதிரி. வருடக்கணக்காக நடப்பதுதான். நானே பத்துத் தடவையாவது செய்திருப்பேன். ஒருநாளும் உறுத்தியதில்லை.

அன்றும் பற்ற வைத்தேன். ஏற்கெனவே இருந்ததைவிட நூறு மடங்கு திறன் கூடியது, அளவில் ஒரு பட்டாணிதான் இருக்கும். எண் கல் மாதிரி நின்றது. சந்திரமோகன் ஒரு நிமிடம் பார்த்தார், நம்பாமல் இன்னொரு நிமிடம் பார்த்தார். பிறகு முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்து, தெலுங்கில் பிரமாதம் என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் இங்கே பொய் சொல்வதாக ஆகும்.

பிறகு பையிலிருந்து ஒரு குறடை எடுத்தார். மின்சார மீட்டரில் போடுவது போன்ற கம்பியும் ஈய வில்லையும். மேல்மூடித் திருகுகளின் வழியாகக் கம்பியைக் கோத்து, வில்லையை வைத்து நெரித்தார்.

"இனிமேல் ஸ்டிக்கர் கிடையாது" என்றார். "எங்கள் கம்பெனியில் புது விதி. சீல் உடைந்தால் மறுபடி முதலிலிருந்து ஆய்வு. மற்ற பதின்மூன்றும் இதே மாதிரி இருக்க வேண்டும். நாளை மறுநாள் வந்து எல்லாவற்றுக்கும் சீல் வைக்கிறேன்."

நான் சாரங்கபாணியைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சார், உள்ளே ஒன்று தவறாக இருக்கிறது, திறந்து சரி செய்து தருகிறேன் என்று ஒரே ஒரு வாக்கியம். என்ன ஆகியிருக்கும்? இன்னும் இரண்டு வாரம் இழுத்திருக்கும். சந்திரமோகன் எங்களைத் திருடர்கள் மாதிரிப் பார்த்திருப்பார். அதற்குக் கூசிக்கொண்டு பேசாமல் நின்றேன். அடுத்த இரண்டு நாளில் மற்ற பதின்மூன்று பெட்டிகளிலும் என் கையாலேயே அதைப் பற்ற வைத்தேன். சால்டரிங்கில் என் கை சுத்தம் என்று எல்லோரும் சொல்வார்கள். பதின்மூன்றும் பளபளவென்று இருந்தன.

ஜூன் மாதம் ஒரு போன் வந்தது. அந்தக் கம்பெனியின் கிரேன் ஆபரேட்டர். பெயர் இர்பான், வாணியம்பாடிக்காரர். பெட்டியில் ஒட்டியிருந்த எங்கள் போன் எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார். நான் தமிழ் என்று தெரிந்ததும் குரலில் ஒரு நிம்மதி.

"மேடம், நம்பர் லேட்டா வருது. நான் தூக்கி முடிச்சப்புறம் அது சாவகாசமா ஏறுது. முன்ன இருந்த பழைய பெட்டி இப்டி இல்ல. கை வெச்சா ஒடனே சொல்லும்."

எனக்குப் பதில் தெரியும். கேட்ட உடனேயே தெரியும்.

"அது அப்படித்தானுங்க" என்றேன். "புது மாடல். தூக்கிட்டு ரெண்டு செகண்ட் நின்னு பாருங்க. நம்பர் நின்னதும் மேல போங்க. ஒண்ணும் பயப்பட வேண்டாமுங்க."

"ரெண்டு செகண்டு தானே மேடம். நின்னுட்டாப் போவுது. நீங்க சொன்னா சரி."

போனை வைத்ததும் நான் டீ குடிக்கப் போனேன். அன்று மட்டும் ஒரு ஈமெயில் எழுதியிருந்தால் போதும். பதினான்கு பெட்டிகளையும் வாங்கி, பதினான்கு பட்டாணிகளைக் கழற்றி, ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பியிருக்கலாம். திட்டு வாங்கியிருப்பேன். திட்டு வாங்கி யாரும் செத்ததில்லை.

நவம்பரில் பிரசன்னா செத்துப்போனார்.

அவர் அங்கே வெல்டர். குடியாத்தத்துக்காரர், வயது நாற்பத்து மூன்று. இர்பானை ஹைதராபாத்துக்குக் கூட்டி வந்து வேலையில் சேர்த்துவிட்டதே அவர்தானாம். இரண்டு குடும்பமும் ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. நடந்தது இதுதான். மூன்று டன் எடையுள்ள ஒரு தொட்டி மூடியை மேடையிலிருந்து தூக்கும்போது அது ஒட்டிக்கொண்டு வரவில்லை. இர்பான் உலுக்கி இழுத்திருக்கிறார். நாலாவது இழுப்பில் கம்பிக் கயிறு அறுந்தது. பாதி கிளம்பியிருந்த மூடி சரிந்து பக்கத்தில் நின்றவர் மேல் விழுந்தது. ஹூட்டர் கத்தவில்லை.

சாரங்கபாணி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் நல்ல செய்தி இருக்காது.

"அந்த ஷெட்ல ஒருத்தர் போய்ட்டார் மா. ஹவ், ஆமாம், நம்ம பெட்டிதான். விசாரணை வெச்சிருக்கா. பெட்டியில பதிவாகியிருக்கிறதை எடுத்துண்டு வந்து படிச்சுக் காட்டணுமாம்."

நான் போய் லேப்டாப்பை மாட்டிப் பதிவை எடுத்தேன். பெட்டியின் வெளிப்பக்கத்திலேயே அதற்கு இடம் உண்டு, சீலைத் தொட வேண்டியதில்லை. ஈய வில்லை சந்திரமோகனின் குறடு பதிந்த தடத்தோடு அப்படியே இருந்தது. அன்று மதியம் பெட்டி எழுதி வைத்த கோடு ரொம்ப அழகாக இருந்தது. நான்கு மேடுகள். எல்லாம் வழவழப்பாக, இரண்டரை டன்னுக்குச் சற்று மேலே ஏறி இறங்கியிருந்தன. நாலாவது மேட்டுக்குப் பிறகு பூஜ்யம். ஒரு மனிதன் செத்த மதியம் அது. காகிதத்தில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

பாலாநகருக்குத் திரும்பி, எங்களிடம் மிச்சம் இருந்த ஒரு பெட்டியில் அதே கெப்பாசிட்டரைப் போட்டு, லோட் செல் அனுப்புவது போல எட்டு டன் உலுக்கல் ஒன்றைக் கொடுத்தேன். கண் சிமிட்டும் நேரத்துக்குத்தான். பெட்டி இரண்டரை டன் என்றது. கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு அதே உலுக்கலைக் கொடுத்தேன். ஹூட்டர் கத்திய கத்தலில் சாரங்கபாணி எழுந்து வந்துவிட்டார்.

பெட்டியையும் என்னையும் பார்த்தார். பிறகு சுவிட்சை அணைத்தார்.

"இப்பத்தான் தெரிஞ்சுதா உனக்கு?" என்றார். குரலில் கோபமில்லை.

"நான் போய்ச் சொல்லப் போறேங்க சார்."

"சொல்லு. நான் கையைப் பிடிக்கல. ஆனா கைக்கு, எதுக்கு சொல்றேன்னு யோசிச்சுக்கோ. போனவர் வரப் போறாரா? போடச் சொன்னது நான், ஒத்துக்கறேன். சால்டரிங் அயர்ன் யார் கையில இருந்தது?"

"என் கையிலதான்."

"ட்ராயிங்ல யார் கையெழுத்து?"

அதற்கும் பதில் அதுதான். சீல் வைத்த பெட்டிக்குத் தகுந்த மாதிரி வரைபடத்தையும் மார்ச்சிலேயே மாற்றிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

"பதினாலு பெட்டியும் வருஷாந்திர சோதனைக்கு ஏப்ரல்ல வரும். அப்ப நைசா எடுத்துடலாம்" என்றார். "அதுவரைக்கும் பகவான் இருக்கார்."

பகவானை எங்கள் கம்பெனியில் வேலைக்கு வைத்திருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கையில் கிடைத்ததைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். என்ன போட்டேன், எப்போது போட்டேன், ஏன் எட்டு டன் இரண்டரை டன் ஆயிற்று, இர்பானின் போன், என் பதில். எழுதி முடித்ததும் கையெழுத்துப் போட்டேன். இந்தக் கையெழுத்தாவது உருப்படியான ஒன்றுக்கு ஆகட்டும் என்று நினைத்தேன்.

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. நான் ஒன்பதரைக்கே போய்விட்டேன். அலுவலகத்துக்கு வெளியே நீளமான தாழ்வாரம், ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர் மெஷின். பெஞ்சில் ஒல்லியாக ஒருவர் முழங்காலில் கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் பச்சைச் சேலையில் ஒரு பெண் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

பெஞ்சில் இருந்தவர் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"நீலா மேடம் தானே? நான் இர்பான். போன்ல பேசினேனே."

நான் அவரைச் சற்றுத் தள்ளி, படிக்கட்டுப் பக்கம் கூட்டிப் போனேன்.

"மேடம், நீங்க சொன்னாப்லதான் செஞ்சேன்" என்றார், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. "ஒரு இழுப்பு இழுத்து வுட்டுட்டு, ரெண்டு செகண்டு நின்னு நம்பரைப் பார்த்தேன். மூணு டன்னுகூட ஏறல. ஹூட்டரும் கத்தல. சரி, கயித்துக்கு ஒண்ணும் இல்லன்னு மறுபடி இழுத்தேன். நாலு தபாவும் நின்னு பார்த்தேன் மேடம். அல்லா சத்தியமா."

பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தேன். படித்துக் காட்டவில்லை, வாயால் சொன்னேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அதைப் போட்டது யார், எதனால் ஹூட்டர் கத்தவில்லை, ஏன் அவர் பார்த்த எண் பொய். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். வேலை தெரிந்த மனிதர். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

"மார்ச்சுலயே தெரியுமா?"

"தெரியும்."

"நான் போன் பண்ணப்ப?"

"அப்பவும் தெரியும்."

அவர் என்னை அடித்திருக்கலாம், திட்டியிருக்கலாம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு படிக்கட்டின் கைப்பிடியைப் பார்த்தார்.

"அப்ப சொல்லியிருக்கலாம் மேடம். இப்ப சொல்லி இன்னா."

"உள்ள போனதும் இதைக் கொடுக்கறேனுங்க. உங்க மேல தப்பில்லன்னு ஆயிரும்."

"வேணாம்" என்றார். "நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேன். அஜாக்கிரதையா இழுத்தேன், என் தப்புதான்னு. கிரேன் லைசென்சு போச்சு. கேஸ் வராம பார்த்துக்கறேன்னு மேனேஜர் சொல்லியிருக்கார். ஊர்ல மாமா தோல் ஷாப்ல வேலை செய்றார், அங்க போய்டுவேன்."

"எதுக்குங்க நீங்க ஒத்துக்கணும்?"

அவர் தாழ்வாரத்தின் அந்தக் கோடியைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மூடி ஏன் ஒட்டிகினு இருந்துச்சு தெரியுமா? மேடையோட சேர்த்து எட்டு எடத்துல டாக் வெச்சிருந்தாங்க. சின்னச் சின்ன வெல்டிங். தூக்கறதுக்கு முன்ன எல்லாத்தையும் வெட்டணும். அது பிரசன்னா அண்ணன் வேலை. எல்லாம் வெட்டிட்டேன், தூக்குடான்னார். ஒண்ண வுட்டுட்டார். மூடி வுழுந்தப்புறம் நான்தான் போய்ப் பார்த்தேன், அந்த ஒண்ணு பிஞ்சுகினு நின்னுச்சு. அதை யாரும் பார்க்கறதுக்குள்ள நானே கிரைண்டர் வெச்சுத் தேய்ச்சுட்டேன்."

நான் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன்.

"நீங்க போய் மெஷின் தப்புன்னு சொன்னா, மறுபடி எல்லாத்தையும் தோண்டுவாங்க. அவன் ஏன் உலுக்கினான்னு கேப்பாங்க. ஏன் ஒட்டுச்சுன்னு கேப்பாங்க. கடைசில போய் செத்தவர் தலைல நிக்கும். சகுந்தலா அக்காவுக்கு இங்கயே ஸ்டோர்ல வேலை தர்றோம்னு சொல்லியிருக்காங்க. செத்தவன் தப்புன்னு ஆச்சுன்னா தருவாங்களா? ரெண்டு பொண்ணுங்க மேடம். எனக்காகன்னு சொல்றதா இருந்தா சொல்லாதீங்க. ஒங்க மனசுக்காகன்னா அது வேற."

இதைக் கேட்டதும் எனக்கு வந்தது துக்கமில்லை. நிம்மதி. மூட்டையை யாரோ தலையிலிருந்து இறக்கி வைத்த மாதிரி அப்படி ஒரு நிம்மதி. சொல்ல வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அவருக்காகத்தானே சொல்ல வந்தேன். அவரே வேண்டாம் என்றால் நான் என்ன செய்ய முடியும் என்று ஒரு நொடிக்குள் மனசு கணக்குப் போட்டு முடித்துவிட்டது. காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தேன். இன்றைக்கும் என் மேல் எனக்கு அருவருப்பு வருவது மார்ச் மாதத்தை நினைத்து இல்லை, அந்த ஒரு நொடியை நினைத்துத்தான்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் மேனேஜர், ஒரு பக்கம் பாதுகாப்பு அதிகாரி, மறுபக்கம் சந்திரமோகன். சந்திரமோகன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், பழகியவர் மாதிரி. நான் கோட்டைக் காட்டினேன். நான்கு மேடுகள், அதிகபட்சம் இரண்டு புள்ளி ஏழு டன் என்று படித்தேன். ஐந்து டன்னை எங்கேயும் தொடவில்லை என்று படித்தேன். எல்லாம் பெட்டியில் பதிவாகியிருந்தபடியே.

"பெட்டி ஒப்புதல் கொடுத்த வரைபடத்தின்படிதான் இருக்கிறதா?" என்று மேனேஜர் கேட்டார்.

"வரைபடத்தின்படிதான் இருக்கிறது."

"சீல் முழுசாக இருக்கிறது. நானே பார்த்தேன்" என்றார் சந்திரமோகன். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "ரீடிங் ஒரு தடவைகூட ஆடாத பெட்டி சார் இது. எத்தனையோ பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்று பார்த்ததில்லை" என்றார். உண்மையான பாராட்டு. அந்த அறையில் மனசாரப் பேசியது அவர் ஒருவர்தான்.

பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆபரேட்டரின் அஜாக்கிரதை, கருவியில் குறை எதுவும் இல்லை. வந்ததற்கு நன்றி சொன்னார்கள். என் பெயருக்கு எதிரே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் இர்பான் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, சகுந்தலா அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இர்பானை அங்கேயே விட்டுவிட்டு என்னிடம் வந்தார். மூன்று வாரமாக யாரிடமும் கேட்க முடியாத ஒன்றைக் கேட்க வந்தவர் மாதிரி நேராக வந்தார்.

"நீங்கதான் அந்த மிஷினு செஞ்ச மேடமா?"

"ஆமாங்க."

"தப்புப் பண்ணிட்டேன்னு இவன் சொல்றான். எம் மொகத்தப் பார்த்து சொல்றான். எனக்கு இவனத் திட்டக்கூட வாய் வர்ல. எங்க வூட்டுல தின்னு வளந்தவன்." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "எனக்கு இங்க ஸ்டோர்ல வேலை குடுக்கறாங்களாம். ஸ்டோர் ரூமு அந்த ஷெட்டுக்குள்ளதான் இருக்குது, அந்தக் கோடியில. நாள் பூரா தலைக்கு மேல அந்தக் கிரேன் போவும் வரும். எனக்கு பயமா இருக்குது மேடம். பெரியவ போவாதம்மான்னு அழுவுறா. அவருக்குப் பதிலா நான்தான் போயாவணும், வேற வழியில்ல. நீங்க படிச்சவங்க, செஞ்சவங்க. அந்த மிஷினு நல்லாத்தானே இருக்குது? நம்பிப் போலாம் தானே?"

இர்பான் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். காகிதம் பைக்குள் இருந்தது. பெட்டி சீலோடு கிரேனில் இருந்தது. ஏப்ரலுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

"நல்லாத்தான் இருக்குதுங்க" என்றேன். "பயப்படாம போங்க."

சகுந்தலா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பெரியவளிடம் இதை நானே போனில் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா, நான் சொன்னால் நம்புவாள் என்று கேட்டார். எண்ணை அவரே அழுத்திப் போனை என் காதில் வைத்தார்.